டிவியில் பேசுவது அம்மாவுக்குப் புரியவில்லை: சவுண்ட்பாரா, ஸ்பீக்கர் பெட்டியா?

சத்துவாச்சாரி43:
எல்லோருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு 43 அங்குல டிவி வாங்கினோம். படம் பளிச்சென்று இருக்கிறது, பேச்சுதான் விளங்கவில்லை. பழைய டப்பா டிவியில் 15 வைத்தாலே அடுக்களை வரைக்கும் கேட்கும். இதில் 38 வைத்தாலும் அம்மா "என்னடா சொல்றான் அவன்?" என்று என்னைத்தான் கேட்கிறார். 38-ல் வைத்திருக்கும்போது ஒரு சண்டைக் காட்சி வந்துவிட்டால் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டும்.

ஹால் 12-க்கு 16 அடி, தரை டைல்ஸ். டிவி ஷோகேஸ் மாடத்துக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது. அவர் கட்டில் ஜன்னலோரம், டிவிக்கு நேராக இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி, சுமார் 12 அடி தள்ளி. நம்ம வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை, ஃபேன் எப்போதும் ஐந்தில்தான் ஓடும்.

ஒரு கடையில் விசாரித்தேன். "1000 வாட்ஸ் சார்" என்று 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கு ஒரு ஊஃபர்) ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஷட்டர் அதிர்ந்தது. அதிலும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கே பிடிபடவில்லை. பட்ஜெட் 15,000. எது வாங்கலாம்?

ரிப்பேர் மேசை:
சார், முதலில் அந்த 1000 வாட்ஸை மறந்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் பிஎம்பிஓ என்று போட்டிருந்தால் அது கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள் என்றால் நடையைக் கட்டலாம். இன்னொன்று, வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

உங்கள் டிவியில் கோளாறு எதுவும் இருக்காது. டப்பா டிவியில் ஸ்பீக்கர் முன்பக்கம், திரைக்குப் பக்கத்திலேயே உங்களைப் பார்த்து இருந்தது, பின்னால் பெரிய கூடும் இருந்தது. இப்போது வரும் தட்டை டிவிகளில் பெரும்பாலும் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கிறது. தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர், பக்கத்துக்கு 10 வாட்ஸ். அதையும் மாடத்துக்குள் வைத்தால் சத்தம் பலகையில் மோதி உள்ளேயே உருண்டு, குடத்துக்குள் பேசுவது போலத்தான் வெளியே வரும்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். டிவியை மாடத்தின் விளிம்பு வரைக்கும் முன்னால் இழுங்கள். ஒரு கெட்டி அட்டையை டிவிக்கு அடியில் சாய்வாக, சத்தம் முன்னால் திரும்பி வருகிற மாதிரி வையுங்கள். பேச்சு கொஞ்சமாவது தெளிந்தால் பாதி நோய் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

ஓடிடி பைத்தியம்:
அண்ணா, செட்டிங்கையும் பாருங்கள். புதுப்படங்கள் 5.1-ல் வருகின்றன. அதில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் மட்டும் இருக்கும், இசையும் வெடியும் மற்ற சேனல்களில். டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். ஆறையும் பிசைந்து இரண்டாக்கும்போது வசனம் மற்றவற்றோடு கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறது.

ஓடிடியில் மொழி தேர்வு செய்யும் இடத்தில் "தமிழ்", "தமிழ் 5.1" என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததைப் போடுங்கள். டிவியின் ஒலி மெனுவில் "சரவுண்ட்" மாதிரி ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள். "தெளிவான குரல்", "டயலாக்" என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை இயக்குங்கள். "நைட் மோட்" இருந்தால் அதுவும். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். உங்கள் சண்டைக் காட்சி ஓட்டத்துக்கு அதுதான் மருந்து.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் 3.1 சவுண்ட்பார். 2.1 வேண்டாம். அந்த "3"-ல் நடுவில் இருப்பது வசனத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர்.

பழைய ஆம்ப்:
குடியாத்தத்திலிருந்து ஒரு எதிர்ப்புக் குரல். சவுண்ட்பார் என்பது டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை வெளியே எடுத்து நீளமான டப்பாவில் அடைத்தது, அவ்வளவுதான். 15,000-க்கு ஐந்து அங்குல ஊஃபரும், கூர்மையான சத்தத்துக்குத் தனி ட்வீட்டரும் உள்ள ஆம்ப்ளிஃபயர் வைத்த ஸ்பீக்கர் பெட்டி ஒரு ஜோடி கிடைக்கும். டிவிக்கு இருபுறமும் காது உயரத்தில் வைத்துப் பாருங்கள். மனிதக் குரல் மனிதக் குரலாகவே வரும். பார்களில் பல, ஆண் குரலின் அடிப்பகுதியை ஊஃபருக்குத் தள்ளிவிடும். பேசுகிறவர் தலை டிவியிலும் வயிறு சோபாவுக்கு அடியிலும் இருக்கும்.

என் வீட்டில் ரிச்சி தெருவில் வாங்கிய ஆம்ப் இருபது வருடமாக ஓடுகிறது. கண்டென்சர் ஒருமுறை மாற்றினேன்.

ஓடிடி பைத்தியம்:
ஆம்ப் அண்ணா, அதெல்லாம் இரண்டு பெட்டிக்கும் சரி நடுவில் உட்காருகிறவருக்கு. அப்போதுதான் குரல் திரையிலிருந்து வருவது போலிருக்கும். அம்மா கட்டில் வலப்பக்க ஓரத்தில் என்று எழுதியிருக்கிறாரே. அங்கிருந்து கேட்டால் வசனம் எல்லாம் வலது பெட்டிக்குள் போய்விடும். நடு ஸ்பீக்கரைக் கண்டுபிடித்ததே ஓரத்து சீட்டுக்காரனுக்காகத்தான்.

பழைய ஆம்ப்:
ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் உட்காருவதாக இருந்தால் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாட்டுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆம்பூர் அக்கா:
நான் ஸ்பீக்கர் பற்றிச் சொல்ல வரவில்லை. எங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான். "கேட்குது, புரியல" என்பார். நாங்கள் சத்தத்தைக் கூட்டுவோம். அவர் "ஏன் கத்தவிடறீங்க" என்று எரிந்து விழுவார். அப்புறம் காது பரிசோதனையில் விளக்கினார்கள். வயதானால் முதலில் தேய்வது உயர் அதிர்வெண்தான். உயிரெழுத்துக்குப் பலம் கீழே இருக்கிறது, அது கேட்டுவிடும். மெய்யெழுத்தைப் பிரித்துக் காட்டுவது 2000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் சின்னச் சத்தம், அது விழாது. கட்டி, கத்தி, கப்பி மூன்றும் அப்பாவுக்கு ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கிற பகுதிதான் இன்னும் இரைச்சலாகும்.

அதனால் தம்பி, பேஸ் அதிகமாக இருக்கும் எதையும் அம்மாவுக்காக வாங்காதீர்கள். ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால் காதைக் காட்டிவிடுங்கள். வேலூர்க்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல வேண்டுமா என்ன. அப்பாவுக்கு ஒரு காதில் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்ததுமே வால்யூம் ஐந்தாறு புள்ளி இறங்கியது.

காந்திநகர் மாடிவீடு:
அக்கா சொன்ன பேஸ் விஷயத்துக்கு என் அனுபவம். மகன் அடம்பிடித்து சப்ஊஃபரோடு ஒரு செட் வாங்கினோம். நாங்கள் இரண்டாம் மாடி. பேச்சு எங்கள் வீட்டில் கேட்கும், 'டம்' மட்டும் கீழ்வீட்டில் கேட்கும். காங்கிரீட் வழியாக இறங்கிவிடுகிறது. கீழ்வீட்டுத் தாத்தா சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் படியில் பார்த்து, "உங்க வீட்டு சீரியல்ல நேத்து யாருக்கோ ஏதோ ஆயிடுச்சு போல, ராத்திரி பூரா இடி" என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும். ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. அதையெல்லாம் அவர் எடுக்கவே இல்லை, எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

ஊஃபரைப் பால்கனிக் கதவோரம் ஒதுக்கி வைத்தோம். இரண்டு மாதம் கழித்துப் போட்டால் கரகர என்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்று வரும் ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, கட்டைவிரல் தடிமனில் வரிசையாக நான்கு அறை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். மண்ணோடு சுருண்டு பச்சைப் புழுவும் விழுந்தது. குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு.

ரிப்பேர் மேசை:
குளவிக்கூடு மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வரும். பல்லி செத்துக் கிடந்ததும் உண்டு. ஓட்டைக்கு உள்பக்கம் கொசுவலைத் துணி ஒட்டினால் போதும்.

இணைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வழி அது. சவுண்ட்பார் வாங்கினால் அதில்தான் சொருக வேண்டும். வேறு துளையில் சொருகிவிட்டு "பார் வேலை செய்யவில்லை" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏஆர்சி 2009 முதலே இருக்கிறது. சாதாரண 5.1-ஐத் தாராளமாகக் கொண்டுபோகும். டிவி ரிமோட்டிலேயே பாரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். அம்மா கையில் இரண்டு ரிமோட் கொடுக்க வேண்டியதில்லை. அதன் புது வடிவமான இஏஆர்சி இருந்தால்தான் வாங்குவேன் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஏஆர்சி இல்லாத பழைய டிவி என்றால் ஆப்டிகல் வயர்.

புளூடூத்தில் டிவி பார்க்காதீர்கள். உதடு மூடிய பிறகு வார்த்தை வரும்.

கலவை மைக்செட்:
தம்பி, நான் முப்பது வருடமாக மைக் செட் கட்டுகிறவன். டிவி எனக்குத் தெரியாது, குரல் தெரியும். எங்கள் பக்கம் அக்னி வசந்த விழாவில் விடிய விடியக் கூத்து. முன்னெல்லாம் இரண்டு குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டுவோம். அதில் பேஸ் கிடையாது, பாட்டுப் போட்டால் தகரத்தைத் தட்டுவது போலிருக்கும். ஆனால் துரியோதனன் பேசுவது அடுத்த ஊர் களத்துமேட்டில் படுத்திருப்பவனுக்குச் சொல்சொல்லாகக் கேட்கும். குழாய் ஸ்பீக்கர் எடுப்பதே குரலுக்கு வேண்டிய நடுப்பகுதியைத்தான். இப்போது பெரிய பெரிய பெட்டி அடுக்குகிறோம். நெஞ்சு அதிருகிறது. கட்டியக்காரன் சொல்லும் நக்கல் மூன்றாம் வரிசைக்குப் புரிவதில்லை. நான் செய்வது ஒன்றுதான். முகவீணைக்கும் மத்தளத்துக்கும் மைக்கைக் குறைத்து, குரலுக்கு வழி விடுவேன். உங்கள் டிவியிலும் யாராவது அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. வயதானவர்கள் கோயில் திண்ணையில் ஒதுங்கி உட்காருவார்கள். அவர்களுக்காக மேடைப் பெட்டியைக் கூட்டினால் முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும். அதனால் சின்னப் பெட்டி ஒன்றைத் திண்ணைத் தூணிலேயே கட்டி, மெல்ல வைத்துவிடுவேன். திறந்தவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். 12 அடியில் இருப்பதை 3 அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். அதையே வாட்ஸில் வாங்க வேண்டுமென்றால் 16 மடங்கு. வீட்டுக்குள் சுவர் எதிரொலி சேர்வதால் சத்தக் கணக்கு அப்படியே வராது. ஆனால் 12 அடியில் உங்கள் அம்மா கேட்பது பாதி டிவியை, பாதி சுவரை. பக்கத்தில் வைத்தால் டிவியை மட்டும் கேட்பார்.

15,000 செலவு செய்யும் முன் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைக் கட்டில் தலைமாட்டில் வைத்துப் பாருங்கள்.

பழைய ஆம்ப்:
மைக்செட் ஐயா, இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் டிவியைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தோம்.

சத்துவாச்சாரி43:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வரிசையாகச் சொல்கிறேன்.

டிவியை முன்னால் இழுத்தேன், அட்டை வைத்தேன். நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது. வீட்டுக்காரி அட்டையைப் பார்த்துவிட்டு "விருந்தாளி வந்தால் எடுத்துடுங்க" என்றாள். மெனுவில் "சரவுண்ட்" ஓடிக்கொண்டுதான் இருந்தது, கடையிலேயே போட்டுவிட்டிருக்கிறார்கள். நிறுத்தினேன், குரல் செட்டிங்கை இயக்கினேன். ஹாலில் ஜமுக்காளம் விரித்தேன், ஜன்னலுக்குக் கெட்டித் திரை. கை தட்டினால் முன்பு 'டங்' என்று திரும்பி வரும், இப்போது அமுங்குகிறது. இத்தனைக்கும் சேர்த்து 38 என்பது 27 ஆனது. ஃபேனை மூன்றில் வைத்தால் 24. ஆனால் இந்த வெயிலில் ஃபேனை மூன்றில் வைக்கச் சொன்னால் அம்மா டிவியே வேண்டாம் என்பார்.

காதையும் காட்டினோம். ஆம்பூர் அக்கா எழுதியதேதான். குறும்பி இல்லை, வயதுத் தேய்வு. மிஷின் இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

அப்புறம் மைக்செட் ஐயா சொன்ன வழி. பரணில் மகனின் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஜோடி கிடந்தது. செட்டாப் பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளை ஏவி துளைகள் சும்மா இருந்தன. அதிலிருந்து வயர் இழுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். போட்டதும் ஒரே குழப்பம். எல்லோரும் கிணற்றில் குனிந்து பேசுவது போல இரண்டிரண்டு முறை கேட்கிறது. டிவியை ஊமையாக்கினால் இரட்டைக் குரல் போய்விட்டது, ஆனால் வாய் அசைவதற்கு முன்பே வார்த்தை வந்துவிடுகிறது. அம்மா, "இவன் மனசுல நினைக்கறது எனக்குக் கேக்குது போல" என்றார். எதனால் இது?

கலவை மைக்செட்:
டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்கேற்பத் தன் ஒலியையும் நிறுத்தி வைத்து அனுப்புகிறது. நீங்கள் பாக்ஸிலிருந்து நேரே எடுத்ததால் உங்கள் ஸ்பீக்கர் முந்திக்கொண்டது. ஒலி பிந்தினால் மனிதன் பொறுத்துக்கொள்வான், 125 மில்லிவிநாடி வரை பலருக்குத் தெரியாது. முந்தினால் 45-லேயே உறுத்தும். தூரத்தில் துணி துவைக்கிறவரைப் பாருங்கள், துணி கல்லில் விழுவது முதலில் தெரியும், 'தப்' என்பது அப்புறம் வரும். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய கண் நமக்கு. சத்தம் முதலில் வந்தால் பேய் மாதிரி இருக்கும்.

ஒலியை டிவியிலிருந்தே எடுங்கள்.

ரிப்பேர் மேசை:
டிவியின் ஹெட்போன் துளையில் 3.5 ஜாக் போடுங்கள். பல டிவிகளில் ஜாக் போட்டதும் டிவி ஸ்பீக்கர் அடங்கிவிடும். சிலவற்றில் இரண்டும் சேர்ந்து ஓட மெனுவில் வழி இருக்கும். இல்லையென்றால் ஆப்டிகலிலிருந்து ஒரு சின்ன மாற்றுப் பெட்டி, ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் அந்தப் பெட்டி ஊமையாக இருக்கும், இல்லை இரையும். இதிலிருந்து எடுத்தால் ஓடிடியும் கேட்கும். செட்டாப் பாக்ஸிலிருந்து எடுத்தால் கேபிள் மட்டும்தான்.

ஸ்டீரியோவில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் கட்டிலில் வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே பக்கம் சேர்த்து வையுங்கள், இல்லையேல் ஒரு பக்கத்து ஒலி காணாமல் போகும்.

சத்துவாச்சாரி43:
என் டிவி மெனுவில் இருந்தது. இரண்டும் ஓடுகின்றன, இரட்டைக் குரல் இல்லை. வயரைச் சுவரோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோனேன், அம்மா காலில் தட்டக் கூடாதே. செலவு: பத்து மீட்டர் ஜாக் வயர், ஒரு பாக்கெட் கிளிப். லாங் பஜாரில் மொத்தம் 400-க்குள் முடிந்தது.

இப்போது டிவி 14-ல் இருக்கிறது. கட்டிலோரம் இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்புவது அம்மா மட்டும்தான். விளம்பரம் வந்தால் குறைத்துவிட்டு, சீரியல் வந்ததும் திருப்பிக்கொள்கிறார். முதல் நாள் ட்ரெபிள் திருகை நான் முழுதாக ஏற்றியிருந்தேன், "பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்குடா" என்று பாதிக்கு இறக்கினார். நேற்று ராத்திரி சீரியலில் மாமியார் சொன்னதை எனக்கு அவர் சொன்னார். நான் சோபாவில் இருந்து கவனிக்கவில்லை.

ஓடிடி பைத்தியம்:
அப்போ 15,000 மிச்சமா அண்ணா? 3.1 பார் வேண்டாமா?

சத்துவாச்சாரி43:
மகன் விடுவானா. ஆனால் ஊஃபர் தனியாக வரும் எதையும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன். நடு ஸ்பீக்கர் உள்ள பார் ஒன்றை அடுத்த மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், கடையில் இல்லை. ஒரு சந்தேகம். பாரை ஏஆர்சி-யில் போட்டால் ஹெட்போன் துளையும் சேர்ந்து ஓடுமா? இல்லையென்றால் பார் வராது. அம்மாவின் திருகு இருக்க வேண்டும்.

ரிப்பேர் மேசை:
பல டிவிகளில் ஓடாது, சிலவற்றில் ஓடும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு பாரை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிச் சொருகிப் பாருங்கள். சத்துவாச்சாரி என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறேன். காபி மட்டும் போதும்.

சத்துவாச்சாரி43:
வாங்க சார். டிபனே சாப்பிடலாம். அட்டையை எடுத்து வைத்துவிடுகிறேன்.